கரியமில வாயுதான் காரணம் என்பதற்கு அளந்து பார்த்த சாட்சி எது? ஐந்து எதிர்வாதங்கள்

கேள்வி: வானம்பாடி

வணக்கம். புவி வெப்பமாதல் பற்றிய ஒரு பொது விவாதத்துக்காகக் குறிப்புகளைத் தொகுத்து வருகிறேன். வெப்பம் ஏறியிருக்கிறது என்பதை எதிர்த்தரப்பிலும் பலர் இப்போது மறுப்பதில்லை. வழக்கெல்லாம் காரணத்தைப் பற்றியதுதான். எங்கே பேசினாலும் திரும்பத் திரும்ப வருபவை இந்த ஐந்தும்.

1. துருவப் பனியைத் துளையிட்டு எடுத்த பனி உருளைகளில் முதலில் வெப்பம் ஏறுகிறது. சுமார் 800 ஆண்டு கழித்துத்தான் கரியமில வாயு ஏறுகிறது. ஆகவே வாயு விளைவுதானே தவிர காரணம் இல்லை.

2. ஆண்டுதோறும் காற்றுக்குள் போகும் கரியமில வாயுவில் மனிதரின் பங்கு நூற்றுக்கு நான்கோ ஐந்தோதான். மீதி கடலும் காடும் எரிமலையும் விடுவது.

3. எல்லாம் சூரியனால் வருவது.

4. வெப்பமானிகள் வளர்ந்துவிட்ட நகரங்களுக்குள் சிக்கிக்கொண்டன. அது போதாதென்று பழைய பதிவுகளையும் திருத்தி ஏற்றத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

5. கரியமில வாயு தான் உறிஞ்சக்கூடிய அலைநீளத்தை ஏற்கெனவே முழுக்க உறிஞ்சிவிட்டது. இனி எவ்வளவு சேர்ந்தாலும் வித்தியாசம் வராது.

'97 சதவீத விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்கிறார்கள்' என்ற பதில் வேண்டாம். அது தலை எண்ணிக்கைதான், சாட்சி ஆகாது. எதை அளந்தார்கள், எந்தக் கருவியால், அதில் எங்கே பிழை வரும் என்ற அளவில் பதில் வேண்டும். நம் தரப்பில் சொல்லக்கூடாத வாதங்கள் இருந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.

---

மறுமொழி 1: கடலோடி

இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன். அது சரிந்தால்தான் மற்றவற்றுக்கே அர்த்தம் வரும்.

அந்த 4, 5 சதவீத எண்ணில் தவறில்லை. தவறு கணக்கு எழுதிய விதத்தில் இருக்கிறது. தரையும் கடலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 75,000 கோடி டன் கரியமில வாயுவை விடுகின்றன, ஏறத்தாழ அதே அளவைத் திரும்ப இழுத்தும் கொள்கின்றன. எரிபொருளும் காடழிப்பும் சேர்ந்து நாம் விடுவது சுமார் 4,000 கோடி டன். எதிர்வாதம் இயற்கையின் வரவை மட்டும் எழுதிவிட்டுப் பற்றை எழுதாமல் விடுகிறது.

முழுக் கணக்கைப் போட ஒரே ஒரு மாற்று எண் போதும். காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு பிபிஎம், ஏறுவது என்றால் சுமார் 780 கோடி டன் கரியமில வாயு. அண்மை ஆண்டுகளில் ஏற்றம் ஆண்டுக்கு 2.5 பிபிஎம் அளவில் இருக்கிறது. 2.5ஐ 780ஆல் பெருக்கினால் 1,950 கோடி டன். நாம் விட்டது 4,000 கோடி, காற்றில் தங்கியது பாதி. அப்படியென்றால் இயற்கை நிகரமாக வாயுவை விடவில்லை, நம்முடையதில் பாதியை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இயற்கைதான் மூலம் என்றால் காற்றில் ஏறுவது நம் வெளியீட்டைவிட அதிகமாக இருந்தாக வேண்டும். பத்தாண்டுச் சராசரி எதை எடுத்துப் பார்த்தாலும் அப்படி இல்லை. எரிமலை தனக்கென்று ஒரு வரி பெறும் அளவுகூட இல்லை: அதன் ஆண்டு வெளியீடு நம்முடையதில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு.

இந்தக் கணக்கைப் போட்டதும் பெரும்பாலும் ஒரு வரைபடத்தை நீட்டுவார்கள். கரியமில வாயு 'ஏறும் வேகம்' ஒரு கோடு, வெப்பநிலை இன்னொரு கோடு, இரண்டும் அச்சாகப் பொருந்தும். பார்த்தவுடன் வெப்பம்தான் வாயுவை வெளியேற்றுகிறது என்று தோன்றும். அங்கே நடந்திருப்பது இதுதான்: அளவை விட்டுவிட்டு வேகத்தை எடுத்தவுடன் நீண்டகால ஏற்றம் ஏறக்குறைய ஒரு மாறிலியாகச் சுருங்கிவிடுகிறது. எஞ்சுவது ஆண்டுக்கு ஆண்டு வரும் ஆட்டம் மட்டும். எல் நினோ ஆண்டுகளில் (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் ஆண்டுகளில்) வெப்பமண்டலக் காடுகள் குறைவாக உறிஞ்சுகின்றன, அதனால் வேகம் கூடுகிறது. அந்த வரைபடம் ஆட்டத்துக்கு விளக்கம் தருகிறது, ஏற்றத்துக்குத் தரவில்லை.

இனி கைரேகை. ஒவ்வொரு மூலமும் காற்றில் வேறு வேறு தடயத்தை விடும். மூன்றை அளக்கிறார்கள்.

முதலாவது கார்பன்-14, தானாகவே சிதைந்துபோகும் கதிரியக்கக் கார்பன். இதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியிலும் எண்ணெயிலும் ஒரு துளிகூட மிஞ்சாது. அவற்றை எரித்தால் காற்றிலுள்ள கார்பன்-14 நீர்த்துப்போக வேண்டும். 1955இல் ஹான்ஸ் சூஸ் மர வளையங்களில் இதைக் காட்டினார். அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14ஐப் பெருமளவு கொட்டித் தடயத்தைக் குழப்பிவிட்டன. ஆகவே தேதியைப் பார்க்காமல் கார்பன்-14 வரைபடத்தை எடுத்துக் காட்டாதீர்கள்.

இரண்டாவது கார்பன்-13. தாவரங்கள் இலேசான கார்பன்-12ஐ விரும்பி எடுக்கும். தாவரத்திலிருந்து வந்த எரிபொருள்களிலும் அதனால் கார்பன்-13 குறைவு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் கார்பன்-13 விகிதம், ஒரு பொதுத் தர அளவோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு −6.4 அளவில் இருந்தது. இப்போது −8.5க்கு இறங்கியிருக்கிறது. கடலிலிருந்தோ எரிமலையிலிருந்தோ வரும் கார்பன் இந்த அளவுக்கு இலேசானது அல்ல.

மூன்றாவது ஆக்சிஜன். எதை எரித்தாலும் ஆக்சிஜன் செலவாகும். ரால்ஃப் கீலிங் 1980களின் கடைசியில் தொடங்கிய அளவீடுகளில் காற்றின் ஆக்சிஜன் பத்து லட்சம் மூலக்கூறுக்கு ஆண்டுதோறும் நான்கு அளவில் குறைந்துவருகிறது. மொத்தம் 2,09,000க்கு மேல் இருக்கும் இடத்தில் நான்கைப் பிடிக்க வேண்டும், சாதாரணக் கருவிக்கு அது அகப்படாது. ஒளிக்கதிர்களின் குறுக்கீட்டை வைத்து அளக்கும் முறையை அதற்காகவே உருவாக்கினார். மூச்சுவிட ஆபத்து ஏதும் இல்லை, சாட்சியாக மட்டும் பாருங்கள்.

மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான் வலிமை. கடல் வெளிவிட்டது என்றால் கார்பன்-14 குறைவது பொருந்திப்போகும் (ஆழ்கடல் நீரிலும் அது குறைவு), ஆனால் கார்பன்-13 இப்படி இறங்காது, ஆக்சிஜனும் செலவாகாது. எரிமலைக்கும் அதே தோல்வி. காடழிப்பு என்றால் கார்பன்-13 பொருந்தும், ஆக்சிஜன் பொருந்தும், ஆனால் கார்பன்-14 இடிக்கும். உயிரோடு இருந்த மரத்தில் அது காற்றில் உள்ள அளவுக்குக் கிட்டத்தட்ட இருக்குமே. மூன்று தடயத்துக்கும் பொருந்துவது புதைபடிவ எரிபொருள் ஒன்றுதான். கடல் வாயுவை இழந்திருந்தால் அதில் கரைந்த கார்பன் குறைந்திருக்க வேண்டும். கூடியிருக்கிறது, மேற்பரப்பு நீரின் அமில-கார எண்ணும் (pH) 8.2இலிருந்து 8.1க்கு இறங்கியிருக்கிறது.

---

மறுமொழி 2: குறிஞ்சி

பனி உருளைக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

800 ஆண்டு (பிழை எல்லை 200) என்ற எண் 2003இல் கையோன் குழு அண்டார்க்டிகாவின் வோஸ்டாக் உருளையில், சுமார் 2,40,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு பனியுக முடிவுக்குக் கண்டது. உலகம் முழுமைக்கும் எல்லாப் பனியுகங்களுக்கும் பொதுவான எண்ணாக அதைத் தூக்கிவருவது முதல் பிழை.

இரண்டாவது சிக்கல் அளவீட்டுக்குள்ளேயே இருக்கிறது. பனியின் வயது வேறு, அதற்குள் சிக்கிய காற்றின் வயது வேறு. பொழிந்த பனி பல பத்து மீட்டர் ஆழத்துக்குப் போய் இறுகும் வரை மேல்காற்று உள்ளே போய்வந்துகொண்டிருக்கும். குமிழி மூடிய பிறகுதான் காற்று சிறைப்படும். பனிப்பொழிவு குறைந்த வோஸ்டாக்கில் இந்த வயது வித்தியாசம் சில ஆயிரம் ஆண்டு வரை போகிறது. வெப்பத்தைப் பனியிலிருந்தும் வாயுவைக் குமிழியிலிருந்தும் எடுப்பதால், குமிழி மூடிய ஆழத்தை நீங்கள் தவறாகக் கணித்தால் பின்தங்கலும் தவறாக வரும். 2013இல் பாரனின் குழு குமிழியிலுள்ள நைட்ரஜன்-15ஐ வைத்து அந்த ஆழத்தைத் திருத்திப் பார்த்தபோது, கடைசிப் பனியுக முடிவில் அண்டார்க்டிகாவின் வெப்பமும் வாயுவும் கிட்டத்தட்டச் சேர்ந்தே ஏறின. அதற்கு முந்தைய ஆண்டு ஷகுன் குழு உலகெங்கும் 80 இடங்களின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்ததில் உலகச் சராசரி வெப்பம் வாயுவுக்குப் பின்னால்தான் போகிறது.

இனி, பின்தங்கல் உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பனியுகம் முடியச் சில ஆயிரம் ஆண்டு ஆகும். பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் வெப்பத்தைத் தொடக்கிவைக்கிறது, கடல் வாயுவை விடுகிறது, அந்த வாயு வெப்பத்தை மேலும் ஏற்றுகிறது. முதல் சில நூற்றாண்டுகளில் வாயுவுக்குப் பங்கில்லை என்பது மீதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளைப் பற்றி எதுவும் சொல்லாது. சுற்றுப்பாதை மாற்றத்தை மட்டும் வைத்து அவ்வளவு பெரிய ஏற்றத்தைக் கணக்குக்குக் கொண்டுவரவும் முடியாது. எட்டு லட்சம் ஆண்டுப் பதிவில் கரியமில வாயு 180க்கும் 300க்கும் இடையில்தான் ஆடியது. ஹவாயின் மௌனா லோவாவில் 1958இல் சார்லஸ் கீலிங் அளக்கத் தொடங்கியபோதே 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது.

---

மறுமொழி 3: ஒளிக்கீற்று

சூரியனையும் 'நிறைந்துவிட்டது' வாதத்தையும் நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில், மேலடுக்குக் காற்றில் இருக்கிறது.

சூரிய ஆற்றலை 1978 முதல் செயற்கைக்கோள்கள் நேரடியாக அளக்கின்றன. சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குவது 0.1 சதவீதம், அதாவது ஒரு வாட்டை ஒட்டி. பூமி உருண்டை என்பதால் நான்கால் வகுக்க வேண்டும். 30 சதவீதம் திருப்பி எறியப்படுவதால் 0.7ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 0.18 வாட். அதுவும் மேலும் கீழும் ஆடும் ஆட்டம்தான். 1980களுக்குப் பிறகு சூரியனில் நீண்டகால ஏற்றம் இல்லை. கரியமில வாயுவுக்கு அதே அலகில் கணக்கிட 5.35ஐ, இப்போதைய அளவுக்கும் பழைய அளவுக்குமான விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்குங்கள். 420க்கு 280 என்றால் மடக்கை 0.405, விடை 2.2 வாட்.

எண்களைவிட உறுதியான சாட்சி அடுக்கு மண்டலம். சூரியன் கூடுதலாகச் சுட்டால் மேலும் கீழும் சேர்ந்து சூடாக வேண்டும். ஓசோன் சூரிய ஒளியை உறிஞ்சுவது அங்கேதானே. கரியமில வாயு கூடினாலோ கீழே சூடும் மேலே குளிர்ச்சியும் வரும். மேலே காற்று மெலிந்தது. அங்கே கூடுதல் கரியமில வாயு என்பது விண்வெளிக்கு வெப்பத்தை வீசும் கூடுதல் வாய். மனாபேயும் வெதரால்டும் 1967இலேயே கணக்கில் இதைச் சொன்னார்கள், அளக்கும் செயற்கைக்கோள் வருமுன்பே. (மனாபேக்கு 2021இல் இயற்பியல் நோபல் கிடைத்தது.) பிறகு வந்த அளவீடுகளில் கீழே ஏற்றம், மேலே இறக்கம்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. ஓசோன் இழப்பும் அடுக்கு மண்டலத்தின் கீழ்ப்பகுதியைக் குளிர்விக்கும். எதிரில் இருப்பவர் விவரம் அறிந்தவர் என்றால் உடனே அதைச் சொல்வார். ஆகவே கீழ் அடுக்கைக் காட்டாதீர்கள். 40 கிலோமீட்டருக்கு மேலே, அடுக்கு மண்டலத்துக்கும் மேலுள்ள இடை மண்டலம் வரை காட்டுங்கள். அங்கே கரியமில வாயுவின் கை ஓங்கியிருக்கிறது.

கேள்வியில் கேட்டபடி, சொல்லக்கூடாத வாதம் ஒன்று: 'பகலைவிட இரவு அதிகம் சூடாகிறது, ஆகவே சூரியன் இல்லை.' பகல் இரவு வித்தியாசம் பெரும்பாலும் 1950 முதல் 1980 வரை குறைந்தது, அதன் பிறகு பெரிதாகக் குறையவில்லை. மேகமும் மாசுத்துகளும் நில ஈரமும் அதில் கை வைக்கும். பலவீனமான சாட்சியை முன்னே வைத்தால் பலமானதையும் சேர்த்து அடிப்பார்கள்.

இனி ஐந்தாவது. 1900இல் ஆங்ஸ்ட்ரோம் எழுப்பிய பழைய ஐயம்தான் இது. ஒரு குழாயில் கரியமில வாயுவை நிரப்பி அகச்சிவப்புக் கதிரை விட்டார்கள். வாயுவைக் குறைத்தபோதும் கடந்து சென்ற கதிரில் பெரிய மாற்றம் இல்லை. குழாய்க்கு அது சரி. கரியமில வாயு உறிஞ்சும் 15 மைக்ரான் அலைநீளப் பட்டையின் நடுப்பகுதி தரைக்கு அருகே சில மீட்டரிலேயே நிறைந்துவிடுகிறது, இதை யாரும் மறுப்பதில்லை.

வளிமண்டலம் ஒற்றைக் குழாய் இல்லை. ஒவ்வோர் அடுக்கும் கீழிருந்து வாங்கி மேலே திருப்பி வீசுகிறது. பூமியின் வரவு செலவைத் தீர்மானிப்பது கடைசியாக விண்வெளிக்குத் தப்பும் கதிர். அந்தக் கதிர் சராசரியாக 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, சுமார் −18 டிகிரியில் கிளம்புகிறது. வாயு கூடினால் தப்பும் உயரம் மேலே ஏறும். மேலே குளிர், குளிர்ந்த இடம் குறைவாக வீசும். வரவு மாறவில்லை, செலவு குறைந்துவிட்டது. அது சரியாகும் வரை கீழே சூடேறத்தான் செய்யும். நடுப்பட்டை நிறைந்திருப்பதால் இதற்குத் தடை வராது. பட்டையின் இரு ஓரங்களும், 13, 14 மைக்ரான் பக்கமும் 17 மைக்ரான் பக்கமும், நிறையவே இல்லை. ஓரங்களில் சிறுகச் சிறுகத்தான் பிடிப்பதால் விளைவு மடக்கையில் கூடுகிறது: ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் 3.7 வாட். 'நிறைந்துவிட்டது' என்பதில் உள்ள உண்மை இந்த மடக்கைக்குள் ஏற்கெனவே அடங்கிவிட்டது.

நேரடி அளவீடும் உண்டு. 2001இல் ஹாரிஸ் குழு, 1970இல் நிம்பஸ்-4 எடுத்த நிறமாலையையும் 1997இல் ஜப்பானியச் செயற்கைக்கோள் எடுத்ததையும் ஒப்பிட்டது. பசுங்குடில் வாயுக்கள் உறிஞ்சும் இடங்களில் வெளியேறும் கதிர் குறைந்திருந்தது. தரையிலிருந்து பார்த்ததில் 2015இல் வந்த ஃபெல்ட்மன் குழுவின் ஆய்வு முக்கியமானது. 2000 முதல் 2010 வரை ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் மேகமில்லா வானத்திலிருந்து கீழே வரும் அகச்சிவப்பை அளந்தார்கள். வாயு 22 பிபிஎம் ஏறிய அந்தப் பத்தாண்டில் கரியமில வாயுவின் அலைநீளத்தில் மட்டும் 0.2 வாட் கூடியது. வசந்தத்தில் செடிகள் வாயுவை இழுத்தபோது அந்தக் கதிரும் சற்றுத் தணிந்தது. நிறைந்துபோன பட்டை அப்படி ஏறி இறங்காது.

---

மறுமொழி 4: அளவுகோல்

நான்காவது வாதத்தை வாயால் மறுக்க வேண்டாம். தரவை இறக்கிச் செய்துகாட்டலாம், ஒரு விரிதாள் போதும்.

முதலில் திருத்தாத பதிவையும் திருத்திய பதிவையும் தனித்தனியே இறக்குங்கள், இரண்டும் பொதுவில் கிடைக்கின்றன. அசல் டிகிரியைச் சராசரி எடுக்காதீர்கள். மலை நிலையம் ஒன்று மூடப்பட்டாலே சராசரி ஏறிவிடும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பொது முப்பதாண்டுச் சராசரியைக் கண்டு, அதிலிருந்து விலகலை மட்டும் எடுங்கள். பிறகு உலகத்தைக் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்குள் சராசரி கண்டு, கட்டத்தின் பரப்பளவுக்கு ஏற்ற எடை கொடுங்கள். எடை கொடுக்க மறந்தால் நிலையங்கள் நெருங்கிய இடங்களே விடையைத் தீர்மானிக்கும். சொந்தமாகச் செய்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான்.

திருத்தியதையும் திருத்தாததையும் ஒரே தாளில் வரைந்தால் பலர் எதிர்பாராத ஒன்று தெரியும். உலகம் முழுமைக்கும் பார்த்தால் திருத்தங்கள் நூற்றாண்டு ஏற்றத்தைக் குறைத்திருக்கின்றன. காரணம் கடல். பழைய கப்பல்களில் துணி வாளியால் நீரை மொண்டு மேலே தூக்கி வெப்பமானியை வைத்தார்கள். தூக்கும் நேரத்தில் ஆவியாகி நீர் குளிர்ந்துவிடும். பிறகு இயந்திர அறைக்குள் உறிஞ்சும் நீரை அளக்கத் தொடங்கினார்கள், அது சற்றே சூடானது. இரண்டையும் அப்படியே ஒட்டினால் 1940களில் பொய்யான ஏற்றம் வரும். அதனால் பழைய கடல் எண்களை 0.1 முதல் 0.4 டிகிரி வரை உயர்த்தினார்கள். பழையது உயர்ந்தால் மொத்த ஏற்றம் குறையும். பரப்பில் பத்தில் ஏழு பங்கு கடல் என்பதால் நிலத்தில் எவ்வளவு திருத்தினாலும் இதை மீற முடியாது.

எதிர்த்திசைத் திருத்தமும் உண்டு, மறைக்க வேண்டாம். மிதவைகள் கப்பலைவிடச் சுமார் 0.12 டிகிரி குறைவாகக் காட்டும். மிதவைகள் பெருகப் பெருகப் பொய்யான குளிர்ச்சி நுழையும். அதைச் சரிசெய்தபோது அண்மை ஏற்றம் கூடியது, கூச்சலும் கிளம்பியது. பிறகு மிதவைகளை மட்டும், ஆழத்துக்கு இறங்கி ஏறி அளக்கும் ஆர்கோ மிதவைகளை மட்டும், செயற்கைக்கோளை மட்டும் எடுத்துத் தனித்தனியே கணக்கிட்டார்கள். திருத்திய பதிவோடு ஒத்துப்போனது.

நகர வெப்பம் உண்மை. நகரம் சுற்றுப்புறத்தைவிடச் சில டிகிரிகூடச் சூடாகலாம். ஆனால் நம் கேள்வி நகரம் சூடா என்பதில்லை, காலப்போக்கில் ஏறும் போக்கை அது எவ்வளவு கெடுத்தது என்பதுதான். இதற்கு ஓர் அழகான சோதனை உண்டு. காற்று பலமாக வீசும் இரவில் நகரச் சூடு கலைந்துவிடும். ஆகவே நகரச் சூடுதான் காரணம் என்றால் அமைதியான இரவுகளின் போக்கும் காற்று வீசிய இரவுகளின் போக்கும் பிரிய வேண்டும். டேவிட் பார்க்கர் 2004இல் பிரித்துப் பார்த்தார், இரண்டும் ஒரே அளவில் ஏறின. இந்தப் பதிவுகளை வெளிப்படையாகச் சந்தேகித்த இயற்பியலர் ரிச்சர்ட் முல்லர் தனிக்குழு அமைத்து, வேறு முறையில் முழுவதையும் மறுபடி கணக்கிட்டதும் அதே கோட்டில்தான் வந்து நின்றது.

'செயற்கைக்கோள்தான் நம்பகமானது, அதில் ஏற்றம் இல்லை' என்று 1990களில் சொன்னார்கள். செயற்கைக்கோளில் வெப்பமானி கிடையாது. ஆக்சிஜன் வீசும் நுண்ணலையை அளந்து வெப்பத்தைக் கணிக்கிறார்கள். சுற்றுப்பாதை மெல்லத் தாழ்வதைக் கணக்கில் எடுக்காதது 1998இல் வெளிப்பட்டது. ஒரே இடத்தைக் கடக்கும் நேரம் நகர்வதற்கான திருத்தத்தில் குறி மாறியிருந்தது 2005இல் வெளிப்பட்டது. இவற்றைச் சரிசெய்த பிறகு, ஏற்றத்தை மிகக் குறைவாகக் காட்டும் ஹன்ட்ஸ்வில் (அலபாமா பல்கலைக்கழக) செயற்கைக்கோள் பதிவிலேயே பத்தாண்டுக்கு 0.15 டிகிரி அளவு ஏற்றம் இருக்கிறது.

கடைசியாகப் போக்குக்கோடு. '1998 முதல் 2012 வரை ஏறவில்லை' என்பார்கள். ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியே அந்தப் பதினைந்தாண்டுக்குப் பத்தாண்டுக்கு 0.05 டிகிரி என்றுதான் எழுதியது. தொடக்கம் மிகப் பெரிய எல் நினோ ஆண்டு என்பதைச் சொல்வதோடு நிற்காதீர்கள், பிழை எல்லையைப் போட்டுக் காட்டுங்கள். ஆண்டுச் சராசரி, போக்குக்கோட்டிலிருந்து 0.1 டிகிரி அளவில் விலகி ஆடுகிறது. வெறும் பத்தாண்டை எடுத்தால் சாய்வின் பிழை எல்லை பத்தாண்டுக்கு ±0.22 டிகிரி. உண்மையான போக்கு 0.2 என்றால் அது பூச்சியத்திலிருந்து பிரியாது. இருபதாண்டு எடுத்தால் ±0.08, முப்பதாண்டு எடுத்தால் ±0.04. அடுத்தடுத்த ஆண்டுகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் எல்லை இன்னும் அகலும். 'ஏற்றம் நின்றுவிட்டது' என்பவரும் 'ஏற்றம் வேகமெடுத்துவிட்டது' என்பவரும் இந்தச் சோதனையில் தேற வேண்டும். பத்தாண்டைக் காட்டி எதையும் நிறுவ முடியாது.

---

மறுமொழி 5: தும்பை

மேலே உள்ளவற்றில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் உண்மையான கருத்து வேறுபாடு எங்கே இருக்கிறதோ அங்கே யாரும் கை வைக்கவில்லை. அதை விட்டுவிட்டு மேடை ஏறினால் தோற்பீர்கள்.

கரியமில வாயு இரட்டித்தால் வேறு எந்த மாற்றமும் இல்லாமல் வரும் ஏற்றம் 1.2 டிகிரி அளவுதான். 3.7 வாட்டை, டிகிரிக்கு 3.2 வாட் என்ற கூடுதல் வீச்சால் வகுத்தால் வரும் எண். இதில் சர்ச்சையே இல்லை. மீதி எல்லாம் அந்தச் சூடு கிளப்பிவிடும் பின்னூட்ட விளைவுகள். நீராவி ஒரு டிகிரிக்கு 7 சதவீதம் கூடும், அதுவும் நன்றாகவே அளக்கப்பட்டது. சிக்கல் மேகத்தில். தாழ்ந்த கடல் மேகங்கள் வெப்பத்தில் கொஞ்சம் மெலிந்தாலே கணக்கு மாறிவிடும். இரட்டிப்பால் வரும் மொத்த ஏற்றத்துக்கு 1979இல் சார்னி குழு சொன்ன எல்லை 1.5 முதல் 4.5 டிகிரி. 2021இல் ஐபிசிசி சொன்னது 2.5 முதல் 4. நாற்பதாண்டு உழைப்பில் எல்லை பாதியாகத்தான் சுருங்கியிருக்கிறது.

அடுத்தது மாசுத்துகள்கள். இவை சூரிய ஒளியைத் திருப்பி எறிந்து குளிர்விக்கின்றன. சிறந்த மதிப்பீடு −1.1 வாட், ஆனால் எல்லை −0.4 முதல் −1.7 வரை. கரியமில வாயு 2.2 வாட் என்று ஒளிக்கீற்று இரண்டு இலக்கத்தில் சொல்ல முடிகிறது, இங்கே ஒரு இலக்கமே தடுமாறுகிறது. குளிர்ச்சி பெரிது என்றால் இதுவரை மறைந்திருந்த சூடும் பெரிது. 2020இல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பை 3.5 சதவீதத்திலிருந்து 0.5க்கு இறக்கியது, 2023, 2024 ஆண்டுகளின் வெப்பத்தில் எவ்வளவு பங்கு வகித்தது என்பதில் துறை அறிஞர்களே ஒருமித்துப் பேசவில்லை. இது நேர்மையான விவாதம், இதை மறுப்பாளர் வேலை என்று தள்ளக்கூடாது.

நம் தரப்பில் நிறுத்த வேண்டியவை. சில அண்மைக் கணினி மாதிரிகள் அளவுக்கு மீறிச் சூடேறுகின்றன. ஐபிசிசியே 2021இல் அவற்றின் நேர்ச் சராசரியைக் கணிப்பாக எடுக்கவில்லை, பிற சாட்சிகளால் கட்டுப்படுத்திய மதிப்பையே எடுத்தது. ஆர்சிபி 8.5 என்ற உச்ச வெளியீட்டுப் பாதையை 'இப்படியே போனால் இதுதான் கதி' என்று எழுதுவது இப்போது பொருந்தாது. அது எல்லைநிலைச் சோதனைக்கானது. 2024 ஒரே ஆண்டு, பாரிஸ் ஒப்பந்தம் சொல்லும் 1.5 டிகிரியைத் தாண்டியதை வைத்து 'எல்லை மீறப்பட்டுவிட்டது' என்று அறிவிப்பதும் தவறு, அது நீண்டகாலச் சராசரியைப் பற்றிய எல்லை. புயல்களைப் பொறுத்தவரை கடும்புயல்களின் விகிதம் கூடியிருக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லலாம். எண்ணிக்கை கூடிவிட்டது என்று சொல்ல நீண்டகாலப் பதிவு போதாது. வெப்ப அலைக்கு இந்தத் தயக்கம் வேண்டாம், அங்கே சாட்சி வலுவானது.

97 சதவீதத்தை நீங்கள் விலக்கியது நல்லது. 2013இல் குக் குழு 11,944 ஆய்வுச் சுருக்கங்களைப் படித்தது. அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு காரணத்தைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை. சொன்னவற்றுக்குள்தான் 97. மேடையில் எண்ணைச் சொல்லி, பகுதியைச் சொல்லாமல் விட்டால் அந்த ஒரு இடத்தைப் பிடித்தே மொத்தப் பேச்சையும் கவிழ்ப்பார்கள்.

---

மறுமொழி 6: வானம்பாடி

எல்லோருக்கும் நன்றி. கடலோடிக்கு ஒரு கேள்வி. கார்பன்-13ஐ நேராகக் கலந்து பார்த்தேன். 280 பங்கு −6.4இல், அதன் மேல் 140 பங்கு −28இல். கலவை −13.6 வர வேண்டும். அளந்தது −8.5. அப்படியென்றால் எரிபொருளின் பங்கு மிகச் சிறியது என்ற எதிர்வாதம் சரியாகிவிடாதா?

---

மறுமொழி 7: கடலோடி

நல்ல கேள்வி, கட்டாயம் மேடையில் வரும்.

உங்கள் கலவை, வாளியில் சாயம் ஊற்றிய கணக்கு. காற்று மூடிய வாளி அல்ல. முன்பு சொன்ன 75,000 கோடி டன் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருக்கிறது. எரிபொருள் முத்திரை பதிந்த மூலக்கூறு ஒன்று கடலுக்குள் போகும், பழைய முத்திரையோடு இன்னொன்று வெளியே வரும். எண்ணிக்கை மாறவில்லை, முத்திரை மாறிவிட்டது. ஒரு மூலக்கூறு காற்றில் தங்குவது நாலைந்து ஆண்டுதான். அதனால் முத்திரை கடல் முழுக்கவும் மண் முழுக்கவும் பரவி மங்குகிறது. மங்கிய அளவை வைத்துக் காற்றில் கூடிய அளவின் மூலத்தைக் கணக்கிட முடியாது. அதற்கு நிகரக் கணக்கு வேண்டும், அது மேலே போட்டாயிற்று.

பரிமாற்றம் இவ்வளவு வேகம் என்பதற்கு அணுகுண்டுக் கார்பனே சாட்சி. சோதனைகளால் 1960களின் முற்பகுதியில் வட அரைக்கோளக் காற்றில் கார்பன்-14 ஏறக்குறைய இரட்டித்தது. 1963இல் வளிமண்டலச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்ததும் கூடுதல் அளவு பதினைந்தாண்டுக்குள்ளாகவே பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அதே ஆண்டுகளில் காற்றின் மொத்தக் கரியமில வாயு ஒரு பிபிஎம்கூட இறங்கவில்லை, ஏறிக்கொண்டே போனது.

இந்த வளைவையே எடுத்து 'கரியமில வாயு பத்துப் பதினைந்தாண்டில் போய்விடும்' என்றும் வாதிடுவார்கள். இடம் மாறும் காலத்தையும் குறையும் காலத்தையும் குழப்புவதால் வரும் பிழை அது. முத்திரை இடம் மாற நாலைந்து ஆண்டு போதும். கூடிய அளவு குறைய வேண்டும் என்றால் மேல்கடல் நீர் ஆழத்துக்கு இறங்க வேண்டும், அதற்கு நூற்றாண்டுகள். அதன் பிறகும் ஒரு பகுதி பாறைச் சிதைவு விழுங்கும் வரை ஆயிரக்கணக்கான ஆண்டு காற்றிலேயே இருக்கும். விவாதத்தில் யாராவது 'ஆயுள்' என்ற சொல்லை எடுத்தால், இந்த இரண்டில் எதைச் சொல்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.